வீட்டுக் கணக்கும் வாலிபரும்

மாதத்தின் 7-ஆம் தேதியன்று அந்திப் பொழுதில் ஆம்பூர்க் கடைத்தெருவில் நிற்க நேர்ந்தது. ஷூ கம்பெனிகளின் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பெண்களை இறக்கிவிட்டுச் சென்றன. இறங்கியவர்களில் பெரும்பாலோர் இருபது, இருபத்தைந்து வயதினர். வீட்டிற்குப் போகுமுன் பலரும் கையிலிருந்த தொலைபேசியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். சம்பளம் பாங்கியில் ஏறிவிட்டதா என்று பார்க்கிறார்கள் என நம்முடன் நின்ற நண்பர் விளக்கினார். அவர் தோல் மண்டியில் முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்ந்தவர். "எங்கள் காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் வாரக்கூலியைக் கையில் எண்ணி வைப்பார்கள் ஐயா. நோட்டில் சுண்ணாம்பு வாசனையும் ஆவாரம்பட்டை வாசனையும் இருக்கும். இப்போது பணம் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காசின் அருமையே தெரியாமற் போயிற்று" என்று பெருமூச்சு விட்டார்.

இந்தப் புகாரை நாம் இராணிப்பேட்டையிலும் கேட்டிருக்கிறோம், வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் கேட்டிருக்கிறோம். பாலாற்றங்கரையில் தோலை நம்பி வாழும் ஊர் எதுவாயினும் தகப்பன்மார் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வார்த்தை இதுவாகத்தான் இருக்கிறது. புகார் பொய்யென்று சொல்ல நாம் துணியவில்லை. ஆனால் அதனுடன் கூடவே கேட்கப்பட வேண்டிய கேள்வியொன்றை ஒருவரும் கேட்பதில்லை. காசின் அருமையை அந்தப் பிள்ளைகளுக்கு யார், எங்கே, எப்போது சொல்லிக் கொடுத்தார்கள்? பதினைந்து வயதுப் பையனுக்குப் பூகோளம் கற்பிக்கிறோம், முக்கோணத்தின் பரப்பளவு கற்பிக்கிறோம். தான் உண்ணும் சோற்றுக்கு வீட்டில் மாதம் எவ்வளவு செலவாகிறது என்று அவனைக் கேட்டால் விழிக்கிறான். அவனுக்கு அது தெரியாமலிருக்க வேண்டும் என்றே பல வீடுகளில் பெற்றோர் அரும்பாடு படுகிறார்கள்.

நமக்குப் பழக்கமான குடும்பமொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் அவசியமில்லை. இப்படிப்பட்ட குடும்பங்கள் அந்தத் தெருவில் மாத்திரம் நாற்பது இருக்கும். தகப்பனார் தோல் ஷாப்பில் வேலை செய்பவர். தாயார் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் மிஷினில் இருப்பவர். மூத்த பெண் காலேஜில் வாசிக்கிறாள். இளையவன் பதினாறு வயதுப் பையன், பதினோராம் வகுப்பு. அவனுக்குப் புதுத் தொலைபேசி ஒன்று வேண்டியிருந்தது. விலை 18,000 ரூபாய். கடைக்காரன் பத்துத் தவணை என்று சொல்லியிருக்கிறான். வட்டியே கிடையாது என்றும் ஆசை காட்டியிருக்கிறான். பையன் அதை வீட்டில் வந்து சொன்னான்.

"நைனா, மாசம் ஆயிரத்தெண்ணூறுதானே? ரெண்டு பேர் சம்பாதிக்கிறீங்க. இதுகூடக் கட்ட முடியாதா?"

தகப்பனார் வழக்கம்போல் சினந்தார். அவருடைய சினத்தில் நியாயம் இருந்தது, விளக்கம் இல்லை. பையன் இரண்டு நாள் பேசாமலிருந்தான், மூன்றாம் நாள் சாப்பிடாமலிருந்தான். அப்போதுதான் தாயார் எழுந்து போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து பிள்ளையின் முன் வைத்தார். "பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் காட்டறே?" என்று கணவர் தடுத்ததையும் அவர் பொருட்படுத்தவில்லை.

அதில் எழுதியிருந்ததை அவர்களுடைய அனுமதியின் பேரில் இங்கே தருகிறோம். பிராவிடண்டு பண்டும் இன்ஷ்யூரன்ஸும் பிடித்ததுபோகத் தகப்பனார் சம்பளம் 13,000 ரூபாய், தாயார் சம்பளம் 10,500 ரூபாய். ஆக வரவு 23,500. செலவில் வீட்டு வாடகை 4,000, மளிகை காய்கறி கறி மீன் எல்லாமாக 7,000, பால் 1,800, காஸும் மின்சாரமும் 1,050, குடிதண்ணீர்க் கேன் 450, மகளிர் குழுக் கடனுக்கு வாரத்தவணை 850 வீதம் 3,400, பெண்ணின் காலேஜ் வகையில் 2,200, பாட்டிக்கு மருந்து 1,200, சீட்டுக்கு 2,000. கூட்டினால் 23,100. மிச்சம் 400 ரூபாய். அந்த 400-க்குள் கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டும், செருப்பு அறுந்தால் வாங்க வேண்டும், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

பையன் அந்தக் கணக்கை மூன்று தரம் கூட்டிப் பார்த்தானாம். கூட்டலில் பிழையிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

கணக்கைக் காட்டியதோடு அந்தத் தாய் நின்றிருந்தால், பிள்ளை இரண்டு நாள் வருந்திவிட்டு மூன்றாம் நாள் மறந்திருப்பான். அவர் செய்த அடுத்த காரியம்தான் நம்மை இதை எழுதத் தூண்டியது. மறுமாதம் மளிகைக்கான 7,000 ரூபாயைப் பையன் கையில் கொடுத்து, "இந்த மாசம் நீ நடத்து. மேற்கொண்டு ஒரு பைசா கேட்காதே" என்று சொல்லிவிட்டார். பையனுக்குப் பெருமை பிடிபடவில்லை. முதல் ஞாயிறு பிரியாணி வாங்கி வந்தான். சீரகச் சம்பா அரிசியில் ஆக்கிய ஆம்பூர்ப் பிரியாணியின் மணத்தை எதிர்த்து நிற்க யாரால் முடியும்? இரண்டாவது ஞாயிறும் வாங்கினான். எண்ணெயைக் கால் லிட்டர் கால் லிட்டராகவும், பருப்பைச் சிறு பொட்டலங்களாகவும் பக்கத்துக் கடையில் வாங்கினான். மாதத்தின் பாதி கழிவதற்குள் 5,200 ரூபாய் போயிற்று. 24-ஆம் தேதி கை வறண்டது. தாயார் இளகவில்லை. மிச்ச நாட்களில் அந்த வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரையும், ரசமும் அப்பளமும்தான். பாட்டிக்கு மாத்திரம் பரம சந்தோஷம். களி தின்று எத்தனை காலமாயிற்று என்று மகிழ்ந்து போனாராம்.

இரண்டாவது மாதமும் அவனிடமே பணம் கொடுக்கப்பட்டது. இந்த இடத்தில் பல பெற்றோர் தவறிவிடுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். பிள்ளை ஒருமுறை தவறு செய்ததும், "உனக்குச் சாமர்த்தியம் போதாது" என்று பணத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார்கள். தவறு செய்தவனுக்கே அடுத்த மாதப் பொறுப்பும் வரவேண்டும். இல்லாவிட்டால் முதல் மாதப் பட்டினி வீணாகிவிடும். பையன் அம்மாதம் ரேஷன் கடை வரிசையில் நின்றான். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கே கிடைப்பதை அதுவரை அவன் அறியான். அறிந்திருந்தாலும், பள்ளித் தோழர்கள் பார்க்க வரிசையில் நிற்க வெட்கப்பட்டிருப்பான். அந்த வெட்கம் எங்கே போயிற்றென்று நாம் அவனைக் கேட்டோம். "களி திங்கறப்ப போயிடுச்சு சார்" என்றான்.

இந்த விருத்தாந்தத்தின் முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. மூன்றாவது மாதத்தில் பையன் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "நைனா, உங்க ஓவர்டைம் காசு இதுல எங்கேயும் வரலையே?" என்று கேட்டுவிட்டான். வீட்டில் ஒருவரும் பேசவில்லை. பிறகு தகப்பனார், மனைவிக்கும் அதுவரை சொல்லாத செய்தியொன்றைச் சொன்னார். பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது தண்டல்காரனிடம் 10,000 ரூபாய் கடன் எழுதி, பிடித்தம்போக 8,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அது முடிவதற்குள் வேறொரு செலவு வந்து மறுபடியும் அதே தண்டல். ஓவர்டைம் பணம் ஒரு வருஷமாக அந்தச் சைக்கிள்காரன் பையில் விழுந்துகொண்டிருந்தது.

பையன் கணிதத்தில் கெட்டிக்காரன். 8,500 வாங்கி 10,000 கொடுத்தால் வட்டி 1,500தானே, நூற்றுக்குப் பதினெட்டுக்குக் குறைவுதானே என்று முதலில் நினைத்தான். பிறகு பார்த்தால், முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. ஐம்பதாவது நாளில் பாதிக் கடன் தீர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் வட்டி முழுக் கடனுக்குப் போல வசூலாகிறது. அவனுடைய வாத்தியார் உதவியோடு கணக்கிட்டதில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 120-க்குக் குறையாத வட்டி என்று தெரிந்தது. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டது. சட்டப் புத்தகத்துக்கும் தண்டல்காரனின் சைக்கிளுக்கும் இடையே உள்ள தூரத்தை அந்த வீட்டுக்காரர் எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

தகப்பன் தன் பிள்ளைமுன் தலைகுனிந்து கடனை ஒப்புக்கொண்ட அந்தச் சமயத்தில் நமக்குக் காந்தியடிகளின் இளமைப் பருவம் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே காட்சி தலைகீழாக இருந்தது. பதினைந்து வயது மோகன்தாஸ், தமையனார் பட்ட 25 ரூபாய்க் கடனைத் தீர்ப்பதற்காக அவருடைய கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னை வெட்டியெடுத்தார். கடன் தீர்ந்தது, மனம் தீரவில்லை. குற்றத்தைக் காகிதத்தில் எழுதி, நோயாய்ப் படுத்திருந்த தகப்பனார் கையில் கொடுத்தார். தகப்பனார் அடிக்கவில்லை, வையவும் இல்லை. கண்ணீர் விட்டு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டார். சத்திய சோதனையில் இதைப் படித்தவர்கள் அநேகர். அதே புஸ்தகத்தில், இலண்டனில் வாசித்த காலத்தில் பஸ் கட்டணமும் தபால் தலையும்கூட விடாமல் ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதி, இரவு படுக்குமுன் இருப்பைச் சரிபார்த்துவந்ததாக அவர் கூறியிருப்பதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் சிலரே. பிற்காலத்தில் பொதுப்பணம் இலட்சக்கணக்கில் அவர் கையில் புழங்கியபோது, இலண்டன் அறையில் பழகிய இந்தப் பழக்கமே துணைநின்றது என்று அவரே கருதினார். நமது தேசபக்தர்கள் கதரைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு இந்தக் கணக்கு நோட்டையும் பிடித்துக்கொண்டிருந்தால் எத்தனையோ சங்கங்கள் இன்று உயிரோடிருக்கும் என்பது வேறு விஷயம்.

பிள்ளைகளைக் குறைகூறும் பெரியவர்கள் தங்கள் கையைச் சற்றுப் பார்த்துக்கொள்வது நலம். வேலூருக்கு அருகிலுள்ள காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம் நடந்தது. இலட்சம் ரூபாய் கட்டினால் மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் வட்டி என்றார்கள். 2022-இல் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீஸார் வழக்குப் பதிந்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் சுமார் 6,000 கோடி ரூபாய் கட்டியிருந்ததாகத் தெரிவித்தார்கள். அதே ஆண்டில் வெளிவந்த ஆருத்ரா மோசடியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகச் சொல்லப்பட்டது. இதில் பணம் கட்டியவர்கள் பதினாறு வயதுப் பையன்களா? ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளும் நகையை அடகு வைத்த குடும்பஸ்தர்களும் அல்லவா? மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு வட்டியே 120 ஆகிறது. எந்த வியாபாரத்தில் இவ்வளவு இலாபம் வருமென்று பாலாற்றங்கரையில் முப்பது வருஷம் தோல் விற்றவனுக்குமா தெரியாமற் போயிற்று?

சென்னைக்கு இது புதிதன்று. 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு ஒரு நாளில் அழிந்தது. கம்பெனியின் தலைவரான ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் துரை சிறைக்குச் சென்றார். வெள்ளைக்காரன் கம்பெனியென்றால் பணம் கல்லின்மேல் எழுதியதுபோல் என்று நம்பியிருந்தவர்கள் கண்விழித்தார்கள். அந்த வேதனையிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் அவருடைய நண்பர்களும் முயன்று 1907-இல் இந்தியன் பாங்கியை ஸ்தாபித்தார்கள். நஷ்டத்திலிருந்து ஒரு ஸ்தாபனம் பிறந்தது. காட்பாடி நஷ்டத்திலிருந்து என்ன பிறந்தது என்று விசாரித்தால், அடுத்த சீட்டுக் கம்பெனியின் விளம்பரத் துண்டுதான் கைக்கு வருகிறது.

வாலிபர்களைப் பிடிக்கும் கண்ணி வேறு உருவத்தில் இருக்கிறது. தொலைபேசியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள் எத்தனை வீடுகளைக் கெடுத்தன என்பதை நாம் விவரிக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுச் சட்டசபை 2022-இல் நிறைவேற்றிய சட்டத்துக்குக் கவர்னரின் சம்மதம் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்காரும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தேசம் முழுவதும் தடைசெய்யும் சட்டம் செய்தது. நல்ல காரியம். என்றாலும், ஐந்து நிமிஷத்தில் ஐநூறு ரூபாய் வரும் என்று ஒருவன் சொன்னால், தன் தாயார் ஐநூறு ரூபாய்க்கு எத்தனை ஜோடி மேல்தோல் தைக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் பையனிடம் இருந்தாலன்றிச் சட்டம் எத்தனை வாசல்களை அடைக்கும்? நம் பையன் அதை எண்ணியிருக்கிறான். தாயார் ஒருநாள் ஊதியம் 400 ரூபாய்க்குச் சற்று மேல். ஆகவே கடைக்காரன் காட்டிய தொலைபேசி அம்மாவின் நாற்பத்துச் சொச்சம் நாட்கள் என்று அவன் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். ஏழைத் தொழிலாளிக்குச் சிக்கனம் உபதேசிப்பது எளிது. சம்பளமே போதாதவனிடம் சேமிப்பைப் பற்றிப் பேசுவது முதலாளி பாடும் பாட்டு என்று தொழிற்சங்கத் தோழர்கள் சொல்வார்கள். இதில் பெரும் உண்மை இருக்கிறது. 23,500 வரவில் 400 மிஞ்சும் வீட்டில் எந்தச் சாமர்த்தியமும் மாளிகை கட்டாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செருப்புக் கடைகளில் வியாபாரம் சுணங்கினால் ஆம்பூரில் ஓவர்டைம் நிற்கிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் இதைக் கண்டோம். 2025-இல் அமெரிக்க சர்க்கார் நமது சரக்குகளின்மேல் நூற்றுக்கு ஐம்பது வரை வரி போட்டபோதும் இவ்வூர்களில் கலக்கம் உண்டாயிற்று. பையன் பிரியாணி தின்னாமலிருப்பதால் இவற்றில் எதுவும் மாறப்போவதில்லை. ஆயினும், வீட்டுக் கணக்கைப் படித்த பிள்ளைக்குத்தான் கூலிக் கணக்கையும் படிக்கத் தெரியும் என்று நாம் அந்தத் தோழர்களுக்குச் சொல்வோம். சம்பளத்தில் நூற்றுக்குப் 12 பிராவிடண்டு பண்டுக்குப் பிடிக்கிறார்களே, அதற்கு ஈடாக முதலாளி கட்டுகிறாரா, கட்டியது பாஸ்புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று தாயாரிடம் கேட்டவன் இந்தப் பையன்தான். பன்னிரண்டு வருஷமாக வேலை செய்யும் அந்த அம்மாள் அதுவரை அதைப் பார்த்ததில்லை. 2016 ஏப்ரலில் பெங்களூரில் ஆடை ஆலைகளின் பெண் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து, பிராவிடண்டு பண்டை எடுப்பதற்கு விதிக்கப்பட்ட புதுத் தடையை மத்திய சர்க்கார் வாபஸ் வாங்கும்படி செய்தார்களே, அவர்களுக்குத் தங்கள் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்று தெரிந்திருந்தது.

பிள்ளைக்குப் பணத்தின் அருமையைக் கற்பிப்பது வேறு, பிள்ளையையே பணமாக்குவது வேறு. இந்த ஜில்லாவுக்கு இரண்டாவது பாவமும் தெரியும். வேலூர், குடியாத்தம் பக்கங்களில் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு, அது தீரும்வரை சிறுவர்களைப் பீடி சுற்ற விட்ட கொடுமையை 1990-களில் மனித உரிமைச் சங்கத்தார் விரிவாக எழுதினார்கள். பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதை 1933-ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் தடுத்தது; 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சிறுவர்களுக்குக் காசின் அருமை நன்றாகத் தெரிந்திருந்தது. சில நூறு ரூபாய் தங்கள் பள்ளிக்கூடத்தை விழுங்கிவிட்டதென்று தெரிந்திருந்தது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் கூலிக்கு அமர்த்தலாகாது என்றும், பதினெட்டு நிரம்பாதவர்களைத் தோல் பதனிடுவது போன்ற ஆபத்தான தொழில்களில் விடலாகாது என்றும் விதித்தது. ஆகையால், "பையனை நாலு நாள் தோல் ஷாப்புக்கு அனுப்பினால் காசின் அருமை தெரியும்" என்று திண்ணையில் உட்கார்ந்து யோசனை சொல்பவர்களை நாம் கண்டிக்கிறோம். குரோம் தண்ணீரில் கை வைத்துத்தான் அதைக் கற்கவேண்டுமென்பதில்லை. மளிகைக் கடைப் பற்றுச்சீட்டில் கற்கலாம்.

பள்ளிக்கூடங்கள் இதில் ஒரு காலத்தில் நல்ல வேலை செய்தன. சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டத்தை நடுத்தர வயதுள்ள நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்குள்ளேயே ஒரு சின்ன பாங்கி. மானேஜரும் மாணவன், காஷியரும் மாணவன், கணக்கனும் மாணவன். பத்துப் பைசா, நாலணா என்று வசூலித்துத் தபாலாபீஸில் கட்டினார்கள். அதில் சேர்ந்த தொகை சொற்பம். ஆனால் கணக்கில் ஐந்து பைசா உதைத்ததென்று மாலை ஆறு மணிவரை உட்கார்ந்து தேடிய பையன்களை நாம் அறிவோம். அவர்களில் ஒருவர் இன்று பெரிய கூட்டுறவு சங்கமொன்றைப் பழுதின்றி நடத்துகிறார். தபாலாபீஸ் சேமிப்பு பாங்கி 1882 முதல் இத்தேசத்தில் நடக்கிறது. பத்து வயது நிரம்பிய பிள்ளை அங்கே தன் பெயரில் தானே கணக்கு நடத்தலாம். ரிசர்வ் பாங்கியும் 2025 ஏப்ரலில், பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாமே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்தப் பாங்கிகள் இடம் தரலாமென்று உத்தரவு செய்தது. வழி திறந்திருக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உள்ள உபாத்தியாயர்களும் சங்க ஊழியர்களும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தபாலாபீஸ் வரை ஒருநாள் நடந்தால் போதும்.

தோல் வியாபாரத்தில் ஈட்டிய பணத்தை எப்படிச் செலவிடலாம் என்பதற்கும் இப்பிரதேசத்தில் முன்மாதிரிகள் உண்டு. மேல்விஷாரத்து நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிபு (1863–1938) தோல் வர்த்தகத்தில் திரட்டிய செல்வத்தைக் கல்விக்கும் தர்மத்துக்கும் வாரி வழங்கினார். அவர் பெயரால் மேல்விஷாரத்தில் 1965-இல் ஏற்பட்ட காலேஜில் இன்றும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். வாணியம்பாடி இஸ்லாமியா காலேஜ் 1919-இல் எழுந்ததும் அவ்வூர் முஸ்லிம் பெரியோர் கைப்பொருள் கொண்டுதான்.

நம் பையனைப் பற்றி இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. தண்டல் கடன் தீர்ந்துவிட்டது. சீட்டை எடுத்து அதை ஒரேயடியாக அடைத்தார்கள். ஓவர்டைம் பணம் இப்போது நோட்டில் வரவு வைக்கப்படுகிறது. பையன் புதுத் தொலைபேசி வாங்கவில்லை. அக்காளின் பழைய தொலைபேசிக்குக் கண்ணாடி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறான். ஆசை விட்டுவிட்டது என்று அவன் சொல்லவுமில்லை. சென்ற முறை நாம் போயிருந்தபோது அவன் தகப்பனாரிடம் வேறொரு வழக்கைத் தொடுத்திருந்தான். செலவுப் பட்டியலில் குடிதண்ணீர்க் கேன் 450 ரூபாய் என்றிருக்கிறதே, ஆற்றங்கரையில் குடியிருப்பவன் தண்ணீருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பது அவன் கேள்வி.

பாட்டி பதில் சொன்னார். தம் காலத்தில் பாலாற்று மணலில் கையால் ஊற்றுப் பறித்துக் குடித்ததையும், பிறகு கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாகிப் போனதையும் சொன்னார். மிச்சத்தை நாம் சொல்ல வேண்டியதாயிற்று. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார், வேலூர்ப் பிரஜைகள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்துத் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அதையொட்டி அமைந்த அதிகார சபை 2001-இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு என்று கணக்கிட்டது. 2025 ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார் மறுபடியும் இதே ஆற்றைப் பற்றி, விடுபட்டவர்களுக்கு ஈடு கொடுக்கவும் ஆற்றைச் சீர்செய்யவும் கட்டளையிட்டார்கள். இடையில் 2015 ஜனவரி 31-ஆம் தேதி இராணிப்பேட்டையில் கழிவுக் குழம்பு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளிகள் மாண்டதையும் சொன்னோம்.

பையன் 26 கோடியை 29,000-ஆல் வகுத்தான். தலைக்கு ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. அதை 450-ஆல் வகுத்தான். "இருபது மாசத் தண்ணிக் காசு" என்றான். தகப்பனார் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; இருபத்திரண்டு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய கைகள் அவை. பையன் நோட்டைத் திறந்து, தண்ணீர்க் கேன் என்று எழுதியிருந்த வரிக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, இதை எந்தப் பெயரில் பற்று எழுதுவது என்று அவரைக் கேட்டான்.